விந்துச் சோதனையில் சாயமேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அசையாத விந்தணுவை எல்லாம் செத்தது என்று எழுதிவிடுவதுதான் இந்தச் சோதனையில் நடக்கக்கூடிய மிக மோசமான தவறு. அசைவு 40 சதவீதத்துக்குக் குறைந்தால் ஈயோசின்-நிக்ரோசின் சாயம் போட்டுப் பார்க்கவே வேண்டும். செத்த விந்தணுவின் சவ்வு ஈயோசினை உள்ளே விடும், தலை சிவக்கும். உயிருள்ளது கரிய பின்னணியில் வெள்ளையாகத் தெரியும். வால் பழுதாகி, ஆனால் உயிரோடு இருக்கும் விந்தணுவை இக்சி முறையில் முட்டைக்குள் செலுத்திக் கருவாக்க முடியும். பிள்ளைக்காக ஏங்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த வழியை அவசர அறிக்கை அடைத்துவிடக் கூடாது.

ஈயோசினை வெறும் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் உயிருள்ளவற்றின் சவ்வும் பழுதாகி, செத்த கணக்கு கூடிவிடும். 0.9 சதவீத உப்புக்கரைசலில்தான் கரைக்க வேண்டும். கழுத்துப் பகுதி மட்டும் இலேசாகச் சிவந்து தலை வெள்ளையாக இருந்தால் அது உயிருள்ளதே. இங்கே பலர் தடுமாறுகிறார்கள்.

நேரமும் முக்கியம். விந்து இளகியதும், முடிந்தால் அரை மணிக்குள், எப்படியும் மாதிரி எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டும். வாகரையில் எடுத்த மாதிரியை பஸ்ஸில் மட்டக்களப்பு நகருக்குக் கொண்டுவந்தால் அந்த நேரம் வழியிலேயே போய்விடும். லாப்பிலேயே தனி அறை கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சாதாரண ஆணுறையில் சேர்க்கவே வேண்டாம், அதிலுள்ள பொருட்கள் விந்தணுவைக் கெடுக்கும்.

அப்புறம் உருவ அமைப்பைப் பார்ப்பது. ஸ்லைட்டில் 5 முதல் 10 மைக்ரோலீற்றர் போதும். தடிப்பாகப் பூசினால் விந்தணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், பின்னணியும் சாயம் பிடிக்கும். எங்கள் பக்கம் மாரிகாலத்தில் காற்று ஈரமாக இருப்பதால் ஸ்லைட் மெதுவாகத்தான் காயும், மெதுவாகக் காய்ந்தால் உருவமும் மாறும். பூச்சை ஸ்லைட்டில் பதியவைக்கும் மெதனோலும் ஈரத்தை உறிஞ்சும், எனவே போத்தலைத் திறந்து வைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது பப்பனிகொலோ என்ற சாய முறையை. டிஃப்-குயிக் என்ற விரைவுச் சாயம் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் பல இடங்களில் வசதி, ஆனால் அதில் தலை சற்றுப் பெரிதாகத் தெரியலாம். ஆகவே எந்தச் சாயம் என்று அறிக்கையில் எழுதுங்கள். ஒரு தடவை ஒரு முறையிலும் அடுத்த தடவை வேறு முறையிலும் பார்த்துவிட்டு, மருந்து பலித்ததா என்று ஒப்பிட முடியாது. நுண்காட்டியின் எண்ணெய் வில்லையில் குறைந்தது 200 விந்தணுவை எண்ண வேண்டும், அதையும் இரண்டு முறை.

விந்தில் வட்டக் கலங்களைக் கண்டதும் தொற்று என்று முடிவுகட்டுவதும் பிழை. அவை முதிராத விந்துக் கலங்களாகவும் இருக்கலாம். பெரொக்சிடேஸ் சாயத்தில் பழுப்பாகுபவை வெள்ளணுக்கள், மற்றவை நிறம் பிடிக்காது. அதைப் பார்க்காமல் அன்டிபயோட்டிக் தொடங்க வேண்டாம்.

அறிக்கையில் இயல்பான உருவம் 4 சதவீதம் என்று கண்டு கலங்கிப் போகிறவர்களுக்கு ஒன்று: 4 சதவீதம்தான் கீழெல்லை. ஓராண்டுக்குள் துணைவி கருத்தரித்த ஆண்களை வைத்து வகுத்த அளவு அது.