பழைய மோசின்-நாகந்த் வைத்திருப்பவர்களுக்கு வெந்நீர்தான் மருந்து

அமெரிக்காவில் ராணுவ உபரியாக வந்த சோவியத் மோசின்-நாகந்த் 91/30 ரைஃபிளை வாங்கும்போது மரத்தின் பளபளப்பை அப்புறம் பாருங்கள், முதலில் குழல். துப்பாக்கி காலிதானா என்று உறுதி செய்துவிட்டு, போல்டை (தோட்டா அறையைத் திறந்து மூடும் உருளைப் பகுதி) கழற்றி, பின்பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். குழலின் உட்புறத்தில் வெட்டியிருக்கும் முறுக்கு வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். லேசான கறுப்பு பரவாயில்லை. குழிகுழியாக அரித்திருந்தால் விலை குறைவென்றாலும் வேண்டாம்.

போல்டிலும் குழலிலும் ஒரே எண் இருந்தால் நல்லதுதான். ஆனால் சோவியத் பணிமனைகளில் பழுதுபார்த்தபோது ஒன்றுக்கொன்று பொருந்தும்படி எண்களை மாற்றி அடித்ததும் உண்டு. அதனால் சுடுவதற்கு முன் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸை (மூடிய போல்டின் முகப்புக்கும் தோட்டா அறையில் தோட்டா தங்கி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளந்துவிடுங்கள்.

போல்ட் ஒட்டிக்கொண்டு திறக்க அடம்பிடித்தால், பெரும்பாலும் தோட்டா அறையில் இறுகிப்போன காஸ்மோலின், அதாவது கிடங்கில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய கிரீஸ்தான் காரணம். மினரல் ஸ்பிரிட்டும் (பெயிண்டைக் கரைக்கும் திரவம்) பிரஷும் போதும்.

முக்கியமான விஷயம் இனிதான். பழைய சோவியத் தோட்டாக்களின் பிரைமர் (தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி) எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு குழலில் படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்து, சீக்கிரமே துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றே, புனல் வைத்துக் கொதிநீரைக் குழலுக்குள் ஊற்றுங்கள். சூட்டில் குழல் தானாகவே காயும். உலர்ந்த துணித்துண்டை ஓட்டிவிட்டு, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். போல்டின் முகப்பையும் அதே வெந்நீரில் கழுவுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.