சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்கிலிருந்து டேட்டாவை மீட்பது: முதலில் காப்பி, பிறகுதான் ரிப்பேர்

ஒரு ஃபோல்டரைத் திறக்க அரை நிமிடம் ஆகிறது, லினக்ஸ் கர்னல் லாகில் (சிஸ்டத்தின் பதிவில்) ‘ஐ/ஓ எர்ரர்’ (படிக்க, எழுத முடியாத பிழை) வரிசையாக விழுகிறது என்றால், அந்த டிஸ்கில் இனி ஒரு பைட்கூட எழுதக் கூடாது. பதற்றத்தில் பலரும் முதலில் ஓட்டுவது ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே. இந்த நேரத்தில் அதைவிடக் கெடுதலான வேலை வேறில்லை. படிக்க முடியாத டைரக்டரி பிளாக்கை அது ‘கெட்டுப்போனது’ என்று முடிவுகட்டி அழித்துவிடும். அதற்குக் கீழே நல்லபடியாக இருந்த ஃபைல்கள் பெயரிழந்து ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ ஃபோல்டரில் வெறும் எண்களாகக் குவியும். அந்தத் திருத்தத்தையும் சாகக் கிடக்கும் டிஸ்கிலேயே எழுதும்.

சர்வரில் முதலில் நிறுத்த வேண்டியது பேக்கப் ஜாப். காரணம் இருக்கிறது. டிஸ்க் மவுண்ட் ஆகாமல் (சிஸ்டத்தோடு இணையாமல்) போனால், அது இணையும் இடமான மவுண்ட் பாயின்ட் காலி ஃபோல்டராக நிற்கும். ‘டிலீட்’ ஆப்ஷனோடு இரவில் ஓடும் ஆர்சிங்க் (ஃபைல்களை ஒத்திசைக்கும் கருவி), அந்தக் காலி ஃபோல்டரைப் பார்த்து, எல்லாவற்றையும் நீங்களே அழித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு பேக்கப்பையும் காலி செய்துவிடும். அதனால் கிரான் (நேரம் வைத்து ஜாப்களை ஓட்டுவது), டாக்கர் கன்டெய்னர்கள், மீடியா சர்வர், டாரன்ட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். டிஸ்கை அன்மவுண்ட் செய்து, மவுண்ட் ஆக வேண்டிய டிஸ்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் ஃபைலில் அதன் வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போடுங்கள்.

டிஸ்க் என்ன சொல்கிறது

டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கமாண்டை ‘ஹைஃபன் எக்ஸ்’ ஆப்ஷனோடு ஒரே ஒரு முறை ஓட்டி, வந்ததை வேறு டிஸ்கில் சேமியுங்கள். மேலே ‘பாஸ்டு’ என்று இருப்பதை நம்ப வேண்டாம். செக்டர்கள் (டிஸ்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்) செத்துக்கொண்டிருக்கும் டிஸ்கும் அப்படிச் சொல்லும். பார்க்க வேண்டியவை நான்கு எண்கள். 5 என்பது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 என்பது டிஸ்கே சோதித்துப் பார்த்துக் கைவிட்டவை. 199 என்பது கேபிள் வழியே டேட்டா போகும்போது நேரும் பிழைகள். அது மட்டும் ஏறிக்கொண்டே இருந்து மற்றவை பூஜ்யமாக இருந்தால், பழுது டிஸ்கில் இருக்க வாய்ப்புக் குறைவு. சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். லாங் டெஸ்ட் வேண்டாம். அது முழு டிஸ்கையும் ஒருமுறை படிக்கும். இந்த டிஸ்கில் இன்னும் எத்தனை முறை படிக்க முடியும் என்பது யாருக்கும் தெரியாது, அந்த ஒரு முறையைக் காப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கிலிருந்து ‘டக்... டக்...’ என்று சீரான சத்தமோ உரசும் சத்தமோ வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். ஹெட் (உள்ளே சுழலும் தட்டைப் படிக்கும் முனை) போய்விட்டது என்பதற்கான அறிகுறி அது. ஓட ஓடத் தட்டின் மேற்பரப்பு சுரண்டப்படும். டேட்டா முக்கியம் என்றால் அங்கிருந்து ரெகவரி லேபின் வேலை. ஹெட் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறப்பதால், வீட்டில் மூடியைத் திறந்தால் ஒரு தூசியே போதும். ஃப்ரீசரில் வைப்பதும் வேண்டாம், உள்ளே ஈரம் படியும். அதே மாடலின் சர்க்யூட் போர்டை மாற்றிப் போட்டாலும் பெரும்பாலும் வேலை செய்யாது. அந்தந்த டிஸ்குக்கே உரிய அளவீடுகள் போர்டிலுள்ள ரோம் சிப்பில் இருக்கின்றன.

காப்பிக்குத் தயார் செய்வது

இலக்கு டிஸ்க் பழையதன் அதே அளவு அல்லது அதைவிடப் பெரிது. எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதும்) வகையாக இல்லாவிட்டால் நல்லது. தொடர்ந்து எழுதும்போது அவை தவழ ஆரம்பித்துவிடும். யுஎஸ்பி டாக்கைத் தவிர்த்து, இரண்டையும் மதர்போர்டின் சாட்டா போர்ட்டிலேயே நேரடியாக மாட்டுங்கள். டிஸ்க் சற்றே திணறினாலும் யுஎஸ்பி சிப் முழு இணைப்பையும் ரீசெட் செய்துவிடும். பழைய டிஸ்கின் மேல் ஒரு ஃபேன் காற்று படட்டும். சிஸ்டம்ரெஸ்க்யூ போன்ற ஒரு லைவ் யுஎஸ்பியில் பூட் செய்யுங்கள்.

லினக்ஸ் டிஸ்குகளுக்குத் தரும் எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் இடம் மாறலாம். ‘டெவ்’ ஃபோல்டருக்குள் ‘டிஸ்க்’, அதற்குள் ‘பை-ஐடி’ என்ற இடத்தில் சீரியல் நம்பரோடு பெயர் இருக்கும். டிஸ்கின் ஸ்டிக்கரில் உள்ள நம்பரோடு ஒப்பிட்டு அந்தப் பெயரையே பயன்படுத்துங்கள். மூலமும் இலக்கும் தலைகீழானால் மீட்க எதுவும் மிஞ்சாது.

அடுத்தது பலரும் தவறவிடும் ஒன்று. கெட்ட செக்டரில் சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு நிமிடத்துக்கும் மேலாகத் தானே மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் கர்னலோ 30 வினாடிதான் காத்திருக்கும். பிறகு ரீசெட், அதுவும் பலிக்காவிட்டால் டிஸ்க் ‘காணாமல்’ போகும். ஸ்மார்ட்சிடிஎல்லில் எஸ்சிடிஇஆர்சி (டிஸ்க் முயலும் நேர வரம்பு, பத்தில் ஒரு வினாடிக் கணக்கில்) மதிப்பை 70, 70 என்று வைத்தால் டிஸ்க் 7 வினாடியில் முயற்சியைக் கைவிடும். அந்த வசதி இல்லாத டிஸ்க் என்றால், ‘சிஸ்’ ஃபோல்டருக்குள் அந்த டிஸ்கின் ‘டிவைஸ்’ பகுதியிலுள்ள ‘டைம்அவுட்’ மதிப்பை 180 ஆக்குங்கள்.

டிடிரெஸ்க்யூ

காப்பி எடுக்க வேண்டியது க்னூ டிடிரெஸ்க்யூ. டெபியனில் அதன் பேக்கேஜ் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. வழக்கமான காப்பிக்கான ‘டிடி’ கமாண்டை வைத்து இதைச் செய்ய முயலாதீர்கள். அது கெட்ட இடத்திலேயே நின்றுவிடும்.

முதல் சுற்றுக்கு ‘ஹைஃபன் எஃப்’, ‘ஹைஃபன் என்’, பிறகு மூல டிஸ்க், இலக்கு டிஸ்க், கடைசியில் மேப்ஃபைல். ‘என்’ இருந்தால் கெட்ட பகுதிகளைச் சுரண்டாமல் தாண்டிப்போய், சுலபமாகக் கிடைப்பதை முதலில் அள்ளும். மேப்ஃபைலை மறக்கவே கூடாது. எது கிடைத்தது, எது பாக்கி என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. அதைப் பென்டிரைவ் போல மூன்றாவது ஓர் இடத்தில் வையுங்கள், லைவ் சிஸ்டத்தின் ரேமில் வைத்தால் ரீபூட்டில் போய்விடும். 4 டிபி டிஸ்க் நொடிக்கு 150 எம்பி வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய ஏழரை மணி நேரம். கெட்ட இடங்கள் நிறைய இருந்தால் நாள்கணக்கில் ஆகும்.

திரையில் ‘ரீட் எர்ரர்ஸ்’, ‘கடைசியாகப் படித்து எவ்வளவு நேரம்’ என்ற இரண்டின் மேலும் கண் இருக்கட்டும். எர்ரர் எண்ணிக்கை திடீரென்று ஆயிரக்கணக்கில் பாய்ந்தால், அத்தனை செக்டர்களும் ஒரே நொடியில் கெட்டுவிடவில்லை. டிஸ்க் இணைப்பே அறுந்திருக்கிறது. கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தி, மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, டிஸ்க் ஆறிய பிறகு அதே கமாண்டை ‘ட்ரை அகெயின்’ ஆப்ஷனோடு ஓட்டுங்கள். தவறாகக் குறிக்கப்பட்ட பகுதிகளை மறுபடி முதலிலிருந்து முயலும்.

முதல் சுற்று முடிந்ததும் ‘என்’ ஆப்ஷனை எடுத்துவிட்டு, ‘ஹைஃபன் டி’, ‘ஹைஃபன் ஆர் 3’ போட்டு இரண்டாவது சுற்று. அதே மேப்ஃபைல்தான். முன்னேற்றம் நின்றால் பெரிய ‘ஆர்’ ஆப்ஷனோடு பின்னாலிருந்து முன்னால் ஓட்டிப் பாருங்கள்; எதிர்த் திசையிலிருந்து வரும்போது சில செக்டர்களைப் படிக்க முடிந்துவிடும்.

காப்பி கிடைத்த பிறகு

பழைய டிஸ்கைக் கழற்றி வையுங்கள். இரண்டுக்கும் ஒரே யுயுஐடி (ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்) என்பதால், ஒன்று மவுண்ட் ஆகியிருந்தால் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் மற்றதை மவுண்ட் செய்ய மறுக்கும். பிடிஆர்எஃப்எஸ் இரண்டையும் குழப்பிக்கொண்டு டேட்டாவையே கெடுத்துவிடலாம். இடம் இருந்தால் காப்பிக்கே இன்னொரு காப்பி எடுத்து, அதில் வேலை செய்யுங்கள்.

ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4 என்றால் முதலில் ‘ஆர்ஓ (ரீட்-ஒன்லி), நோலோட்’ ஆப்ஷன்களோடு மவுண்ட் செய்து பாருங்கள். வெறும் ‘ஆர்ஓ’ போதாது, ஜர்னலை (முடிக்காத மாற்றங்களின் பதிவை) ஓட்டி எழுதிவிடும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் இதற்கு ‘நோரெகவரி’ என்று பெயர். திறந்தால் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். திறக்காவிட்டால்தான் எஃப்எஸ்சிகே, அதுவும் முதலில் ‘என்’ ஆப்ஷனோடு, எதையும் எழுதாமல். பார்ட்டிஷன் டேபிளே (டிஸ்கின் பகுதிகளின் அட்டவணை) போயிருந்தால் அதை மீட்க டெஸ்ட்டிஸ்க். ஃபோட்டோரெக் கடைசி ஆயுதம். ஃபைல் கிடைக்கும், பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது.

ரெய்டு 5-இல் (பல டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தாங்கும் அமைப்பில்) ஒரு டிஸ்க் ஏற்கெனவே போய், இன்னொன்று தள்ளாடுகிறது என்றால் ரீபில்ட் தொடங்காதீர்கள். தள்ளாடும் டிஸ்கை மேலே சொன்னபடி காப்பி எடுத்து, அந்தக் காப்பியை அதன் இடத்தில் வைத்து லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஅட்மில் ‘அசெம்பிள்’, தேவைப்பட்டால் ‘ஃபோர்ஸ்’. ‘கிரியேட்’ பக்கமே போக வேண்டாம்.

கிடைத்த ஃபைல்களில் எவை ஓட்டை என்று கண்டுபிடிக்க வழி உண்டு. இரண்டாவது காப்பியின் மேல், அதே மேப்ஃபைலோடு, டிடிரெஸ்க்யூவின் ‘ஃபில் மோட்’டுக்கு மைனஸ் குறி கொடுத்தால், படிக்க முடியாத இடங்களில் மட்டும் நீங்கள் தரும் ஒரு விசித்திரமான சொல்லை நிரப்பும். பிறகு ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து, கிரெப் என்ற தேடும் கருவியால் அந்தச் சொல்லைத் தேடினால், சேதமான ஃபைல்களின் பெயர்ப் பட்டியல் வரும். என்க்ரிப்ட் செய்த டிஸ்கில் மட்டும் இது பலிக்காது. பட்டியலில் உள்ளவற்றைப் பேக்கப்பிலிருந்தோ வேறு கருவிகளிலிருந்தோ தேடி எடுங்கள். அந்த வேலை முடியும்வரை பழைய டிஸ்கையும் மேப்ஃபைலையும் தூக்கி எறிய வேண்டாம்.