ஆறாத வாய்ப்புண்: வீட்டில் என்ன செய்யலாம், எத்தனை நாள் செய்யலாம்

முதலில் கண்ணாடி முன்னால் நின்று, செல்போன் டார்ச்சை அடித்துப் புண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரே புண் ஆறாமல் கிடக்கிறதா, இல்லை ஒன்று ஆறினால் வேறிடத்தில் இன்னொன்று கிளம்புகிறதா? ஒரே இடம் என்றால் பக்கத்தில் உடைந்த பல்லோ பல்செட் கம்பியோ உரசுகிறதா என்று தடவிப் பாருங்கள், உரசல் இருக்கும்வரை எந்தக் கஷாயமும் பலிக்காது. மாறி மாறி வந்தால் ரத்தசோகை, பி12 குறைவு, ஃபோலிக் அமிலக் குறைவு, தூக்கம் கெடுவது என்று காரணம் உள்ளே இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனை பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

சாதாரண வாய்ப்புண் 7 முதல் 14 நாளில் தானாகவே ஆறிவிடும். நம் கைவைத்தியம் எரிச்சலைக் குறைத்து நாலு வாய் சோறு இறங்க வைக்கும், அதுவே பெரிய உபகாரம்தான். அதனால் புண் வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஆயுர்வேதம் இதைப் பித்தச் சூட்டோடு சேர்த்துத்தான் பார்க்கிறது. நம் நீலகிரி மலையூர் கோத்தகிரிக் குளிரில் என்ன சூடு என்று கேட்பீர்கள். இங்கே குளிருக்குத் தாகமே தெரியாது, தண்ணீர் குடிப்பது குறைந்துவிடும், ஆனால் டீ மட்டும் கொதிக்கக் கொதிக்க நாள் முழுக்க உள்ளே போகும், கூடவே வர்க்கி என்கிற அடுக்கு பிஸ்கட், அதன் மொறுமொறு செதில் புண்ணில் குத்தினால் உயிரே போகும். ஆறும்வரை டீயை ஆற்றிக் குடியுங்கள், வர்க்கியை நனைத்துத் தின்னுங்கள், ஊறுகாயைப் பார்க்கவே வேண்டாம்.

சாப்பாட்டில் மணத்தக்காளிக் கீரைதான் என் முதல் ஆள். ஒரு கைப்பிடி இலை, நாலு சின்ன வெங்காயம், கொஞ்சம் சீரகம் போட்டு இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, இறக்கும்போது முதல் பாலை ஊற்றுங்கள், அதற்குமேல் கொதிக்கக் கூடாது. மிளகாய், புளி கிடையாது. தேயிலைத் தோட்ட ஓரத்தில் தானாக முளைத்து நிற்பதைப் பறித்து வராதீர்கள், அங்கே களைக்கொல்லி அடித்திருப்பார்கள். பச்சைக் காயையும் சேர்க்க வேண்டாம்.

கொப்பளிக்கத் திரிபலா, அதாவது கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த பொடி. ஒரு ஸ்பூன் சூரணத்தை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராக வற்றவிட்டு, துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பானதும் சாப்பிட்ட பிறகு கொப்பளித்துத் துப்புங்கள். துவர்ப்பு வாயை இழுத்துப் பிடிக்கும், பயப்பட ஒன்றுமில்லை. காலையில் எண்ணெய்க் கொப்பளிப்பு செய்கிறவர்கள் நல்லெண்ணெய் எடுங்கள், தேங்காயெண்ணெய் இந்த ஊரில் பாதி நாள் கட்டியாகத்தான் இருக்கும். இரவில் அதிமதுரப் பொடியைத் தேனில் குழைத்துப் புண்மேல் தடவிவிட்டுப் படுக்கலாம். ஆனால் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதிமதுரத்தைத் தொடர்ந்து விழுங்கக் கூடாது, அவர்களுக்கு வெறும் நெய்யே போதும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

வெங்காரத்தை (போராக்ஸ்) பொரித்துத் தேனில் குழைத்துத் தடவும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. விட்டுவிடுங்கள், அது வயிற்றுக்குள் போனால் நஞ்சு. கல் உப்பை வைத்து அழுத்துவதும் வீண் சித்திரவதை. வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பைக் கரைத்துக் கொப்பளித்தாலே போதும்.

அப்புறம் அந்தக் காலண்டர். இரண்டு வாரம் தாண்டியும் அதே புண் அங்கேயே இருந்தால் வைத்தியத்தை மாற்றிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். வலியே இல்லாத புண், ஓரம் தடித்த புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படர்ந்த திட்டு, கழுத்தில் கட்டி, இதில் எது இருந்தாலும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். புகையிலை, பாக்கு அடக்கும் கன்னத்தில் புண் என்றால் இன்னும் சீக்கிரம், தோட்ட வேலைக்குப் போகும் பெரியவர்களிடம் இதை வற்புறுத்தியே சொல்லுங்கள். எந்த டாக்டர் என்று குழம்ப வேண்டாம், பல் டாக்டரே முதலில் பார்ப்பார். கூர்மையான பல்தான் காரணம் என்றால் அங்கேயே ராவிவிட்டு அனுப்பிவிடுவார்.