பழைய காரின் ‘டொக்’ சத்தம்: பணத்தை விழுங்கும் தவறுகள்

ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு முன்சக்கரத்தின் பக்கம் ‘டொக், டொக்’ என்று கேட்டால், செங்கோட்டை வட்டாரத்தில் பலரும் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றே சொல்லிவிடுவார்கள். முதல் தவறு அந்த அவசரமே. எண்ணெய் கசிவோ, வேகத்தடையைத் தாண்டிய பிறகும் அடங்காத குலுக்கலோ இல்லாதபோது, அதை முதல் சந்தேகமாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. என்னுடைய இருபது வயதுக் காரில் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றிய பின்பும் சத்தம் நிற்கவில்லை; ஆடிக்கொண்டிருந்தது, வளைவில் வண்டி அதிகம் சாயாமல் இருபக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியின் முனையில் இருக்கும் லிங்க் ராடு என்ற சிறு இணைப்புத் தண்டு.

அதைக் கண்டுபிடிக்கத் தாமதமானதற்கு ஜாக்கியும் ஒரு காரணம். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால், தொங்கும் சக்கரத்துக்கும் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் இடையே ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை இழுத்துப் பிடிப்பதால், தேய்ந்த மூட்டும் ஆட்டமில்லாமல் நல்லதைப் போலத் தோன்றும். வண்டியை ரேம்பில் ஏற்றி, நான்கு சக்கரங்களிலும் எடை இருக்கும்போதே கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். மூட்டுகளில் மெத்தைபோல இருக்கும் ரப்பர் புஷ்ஷைப் புதிதாகப் போடும்போதும் இதே கவனம் தேவை: சக்கரம் தொங்கும் நிலையில் சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து, சீக்கிரம் கிழிந்துவிடும்.

சாரல் காலத்தில் இன்னொரு ஏமாற்றம் உண்டு. காய்ந்த புஷ்ஷின் ‘கிரீச்’ சத்தம் மழையில் நனைந்ததும் அடங்கும். சரியாகிவிட்டது என்று நாம் விட்டுவிடுவோம், வெயில் வந்ததும் அது திரும்பிவிடும். தண்ணீர் பட்டால் அடங்கும் சத்தம் ரப்பரிலிருந்து வருகிறது என்பதற்கான நல்ல தடயத்தை இப்படித்தான் வீணாக்குகிறோம். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் எண்ணெய் பீய்ச்சச் சொல்வது அதைவிட மோசம். சில நாள் அமைதிக்காக ரப்பரை ஊதிப் பதம் கெடச் செய்கிறோம்.

சில வேளைகளில் சத்தம் சஸ்பென்ஷனிலிருந்தே வராது. பிரேக்கை லேசாக மிதித்ததும் நின்றால் பிரேக் பேடையும் அதை அழுத்தும் காலிப்பரையும் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து நகரும்போது மட்டும் ‘டக் டக்’ என்றால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டான ஆக்சில் ஜாயின்ட். ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் டிக்கியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதற்குச் செலவே கிடையாது, ஆனாலும் அதை யாரும் முதலில் செய்வதில்லை, நானும் செய்யவில்லை.

நான்கைந்து பாகங்களை ஒரே நாளில் மாற்றுவதையும் தவிர்க்கலாம்; எது காரணம் என்பது கடைசிவரை தெரியாமல் போகும். சக்கரத்தை லோயர் ஆர்மோடு இணைக்கும் மூட்டான பால் ஜாயின்ட் மட்டும் இந்தப் பொறுமைக்கு விலக்கு. அது கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி கட்டுப்பாட்டை இழக்கும் என்பதால், அதில் ஆட்டம் தெரிந்தால், அந்த மூட்டை மாற்றாமல் காரை மலைப்பாதையில் ஏற்றக் கூடாது.