2027 ஆகஸ்ட் 2 கிரகணம்: திருகோணமலையில் பார்ப்பவர்களுக்கும் ஜித்தாவில் இருக்கும் நம்மவர்களுக்கும்

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, முழுச் சூரிய கிரகணம். சந்திரனின் நிழல் ஸ்பெயினின் தென்பகுதி, வட ஆபிரிக்கா, எகிப்து, சவூதி, யேமன், சோமாலியா என்று ஓடி இந்து சமுத்திரத்தில் போய் முடியும். மக்காவும் ஜித்தாவும் அந்தப் பாதைக்குள் வருகின்றன. திருகோணமலை வராது. இங்கே நமக்கு மாலைச் சூரியனின் ஒரு பகுதி மட்டும் மறையும்.

நான் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கிண்ணியா, மூதூரில் இருந்து வரும் பிள்ளைகளில் பலருக்கு வாப்பாவோ காக்காவோ சவூதியில். என் மச்சாளின் மகனும் ஜித்தாவில்தான் வேலை செய்கிறான். அங்கே பார்ப்பவருக்கும் இங்கே பார்ப்பவருக்கும் விதி வேறு. அது தெரியாமல், "கிரகணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், நான் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று அங்கிருந்து ஒருவர் போனில் சொல்லி, இங்கே ஒரு பிள்ளை அப்படியே செய்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர். இங்கே ஒரு விநாடிகூட வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. சூரியனில் கீற்றளவு மிஞ்சியிருந்தாலும் அந்தக் கீற்றின் ஒளி விழித்திரையைச் சுட்டுவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. சுடும்போது ஒன்றும் தோன்றாது; சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் கறுப்பாகவோ மங்கலாகவோ ஒரு புள்ளி நிற்கும். சாதாரண நாளில் கண் கூசி நாமாகவே திரும்பிவிடுகிறோம். கிரகண நேரத்தில் வெளிச்சம் குறைவதால் அந்தக் கூச்சமும் குறைகிறது, ஆர்வமோ கூடுகிறது.

இனி, பேசின் தண்ணீருக்குள் கிரகணம் பார்ப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் பெரியவர்கள் அன்போடு செய்து தருவது அது. 2019 டிசம்பர் 26 அன்று கங்கண கிரகணம், அதாவது சந்திரனைச் சுற்றிச் சூரியன் வளையமாகத் தெரியும் கிரகணம், நம் ஊருக்கு மேலாலேயே போனது. அன்று அம்மா முற்றத்தில் அகலச் சட்டி வைத்து, மஞ்சள் கரைத்து, அதற்குள் பார்க்கச் சொன்னார். சில வீடுகளில் சாணி கரைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தரமான கிரகணக் கண்ணாடி சூரிய ஒளியில் ஒரு இலட்சத்தில் ஏறத்தாழ மூன்று பங்கைத்தான் உள்ளே விடும். தண்ணீரின் மேற்பரப்போ, நேர் மேலிருந்து விழும் ஒளியிலேயே ஒரு இலட்சத்தில் இரண்டாயிரம் பங்கைத் திருப்பி அனுப்பும். மஞ்சளும் சாணியும் தண்ணீரின் உள்ளேதான் இருட்டாக்கும். சூரியனின் பிம்பம் தெறிப்பது மேற்பரப்பில். 2027இல் சூரியன் மேற்கே சாய்ந்திருக்கும், அப்போது தண்ணீர் இன்னும் அதிகமாகத் தெறிக்கும். சட்டி வேண்டாம்.

அன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சமையல் கொட்டிலின் நிலத்தைக் காட்டினேன். கிடுகின் பொத்தல்களால் விழும் வெளிச்சம் மற்ற நாட்களில் வட்ட வட்டமாகக் கிடக்கும். அன்று காலை ஒவ்வொரு வட்டமும் நடுவில் இருண்டு ஒரு மோதிரமாகிவிட்டது. அடுப்படியில், அம்மியின் மேல், அம்மாவின் சேலையில்கூட மோதிரங்கள். ஒவ்வொன்றும் சூரியனின் படம். அம்மா அதற்குப் பிறகு சட்டிப் பக்கம் போகவில்லை.

இதை நீங்களே செய்யலாம். கடினமான மட்டை ஒன்றில் ஒரு மில்லிமீற்றர் அளவு ஊசித் துளை போடுங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, மட்டையைத் தோளுக்கு மேல் பிடித்து, ஒளியை வெள்ளைத் தாளில் விழ விடுங்கள். மட்டைக்கும் தாளுக்கும் ஒரு மீற்றர் தூரம் இருந்தால் படம் ஒன்பது மில்லிமீற்றர் வரும். துளை வழியாகச் சூரியனைப் பார்ப்பதல்ல இது. தாளைத்தான் பார்க்க வேண்டும். குசினியில் இருக்கும் கண்ணகப்பையைப் பிடித்தாலும் சுவரில் இருபது முப்பது பிறைகள் விழும், சின்னப் பிள்ளைகளுக்கு அது போதும். வகுப்பாகப் பார்ப்பதென்றால், சின்ன முகக்கண்ணாடி ஒன்றைத் தாளால் மூடி, தாளில் அரைச் சென்ரிமீற்றர் துளை வெட்டி, பத்து மீற்றர் தள்ளியிருக்கும் நிழலான சுவரில் வெளிச்சத்தை அடியுங்கள். ஒன்பது சென்ரிமீற்றர் அகலத்தில் சூரியன் தெரியும், எல்லோரும் ஒன்றாகப் பார்க்கலாம். அந்த முகக்கண்ணாடிக்குள் மட்டும் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.

நேராகப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் சூரியனைப் பார்ப்பதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 12312-2 குறித்த கண்ணாடியை இப்போதே தேடத் தொடங்குங்கள். கடைசி வாரத்தில் கிடைக்காது, கிடைப்பதிலும் போலி இருக்கும். எழுத்து அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள்: கதவோ யன்னலோ தெரிந்தால் அது சரியில்லை. போன் ரோர்ச்சைப் பின்னால் பிடித்துக் கீறலோ ஊசிப் பொத்தலோ இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்று இருந்தாலும் வெட்டிப் போடுங்கள். வெல்டிங் கண்ணாடி என்றால் 14ஆம் இலக்கம். பட்டறைகளில் சாதாரணமாக இருக்கும் 10, 11 காணாது. எக்ஸ்ரே படம், சிடி, புகை பிடித்த கண்ணாடி, கறுப்புக் கூலிங் கிளாஸ், இரண்டு மூன்றை அடுக்கிப் போடுவது, இவற்றில் ஒன்றும் வேண்டாம். கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைனாகுலரிலோ கமராவிலோ பார்ப்பது இவை எல்லாவற்றிலும் மோசம்: வில்லை குவிக்கும் ஒளி அந்தப் படலத்தையே எரித்துவிடும். அவற்றுக்கான வடிகட்டி முன்பக்க வில்லைக்கு முன்னால் மாட்டப்பட வேண்டும்.

பிள்ளைகளோடு ஒரு மாதத்துக்கு முன்பே பழகுங்கள். குனிந்து நின்று கண்ணாடியைப் போடு, பிறகு நிமிர்ந்து பார். குனி, பிறகு கழற்று. பார்வைக் கண்ணாடி போடுகிறவர்கள் அதன் மேலேயே இதைப் போட்டுக்கொள்ளலாம்.

எங்கே நிற்பது? உப்புவெளியும் நிலாவெளியும் கிழக்குப் பார்த்த கடற்கரைகள். மாலையில் சூரியன் தென்னைக்கும் விடுதிகளுக்கும் பின்னால் போய்விடும். உட்துறைமுக வீதிப் பக்கம் போனால் மேற்கில் தண்ணீர் திறந்து கிடக்கும். தம்பலகாமத்து வயல்வெளி அதைவிட நல்லது. கிண்ணியாப் பாலத்தில் வாகனம் ஓடும், பிள்ளைகளை அங்கே நிறுத்த வேண்டாம். ஆகஸ்டில் கச்சான் காற்று அடிக்கும் காலம், மழை குறைவு, ஆனாலும் மாலை மேகத்தை யாரும் தடுக்க முடியாது. தொடக்க நேரத்தை அந்த வாரம் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தின் அறிவிப்பில் பாருங்கள். சூரியன் சிவந்து கீழே இறங்கினாலும் கண்ணாடி கண்ணிலேயே இருக்கட்டும்.

விரதம், முழுக்கு, கிரகணத் தொழுகை எல்லாம் அவரவர் வழக்கப்படி நடக்கட்டும். கர்ப்பிணிப் பெண்களுக்கும் சமைத்த சோற்றுக்கும் கிரகணத்தால் எந்தத் தீங்கும் இல்லை என்பதை மட்டும் பயப்படுகிறவர்களுக்கு மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள்.

இனி ஜித்தாவில் இருப்பவர்களுக்கு. உங்களுக்குப் பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டி, ஐந்து நிமிடத்துக்கு மேல் சூரியன் முழுதாக மறையும். அதற்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பகுதி கிரகணம். அந்த நேரம் முழுவதும் உங்களுக்கும் எங்கள் விதிதான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மறைந்தாலும் கழற்ற வேண்டாம். கண்ணாடிக்குள் ஒன்றுமே தெரியாமல் போனால்தான் முழு மறைவு. அப்போது கழற்றுங்கள், கழற்றத்தான் வேண்டும்! கறுப்புத் தட்டைச் சுற்றி வெள்ளையாக விரியும் கொரோனாவை, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலத்தை, கண்ணாடி காட்டாது. அதன் வெளிச்சம் முழுநிலா அளவுதான், கண்ணுக்கு ஆபத்தில்லை. விளிம்பில் வைரம்போல் ஒரு பொட்டு மின்னியதும் பார்வையைத் தாழ்த்தி உடனே போட்டுவிடுங்கள். முடியும் நேரத்துக்கு அரை நிமிடம் முன்பாகப் போனில் அலாரம் வையுங்கள்; அந்த அழகில் நேரம் போவது தெரியாது. படம் எடுப்பதை மற்றவர்களிடம் விடுங்கள். சூரியன் தலைக்கு மேலே உயரத்தில், ஓகஸ்ட் வெயில் வேறு. குடையும் தண்ணீரும் விரித்துப் படுக்க ஒரு பாயும் கொண்டு போங்கள்.

பார்த்த பிறகு அன்றோ மறுநாளோ எழுத்தின் நடுவில் புள்ளி நின்றாலோ, நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ, கடையில் சொட்டுமருந்து வாங்கி விட்டுக்கொண்டிருக்காமல் வைத்தியசாலையின் கண் பிரிவுக்குப் போங்கள்.

மிஞ்சிய கண்ணாடிகளை மடிக்காமல், கீறல் படாமல் ஒரு கடித உறையில் போட்டு வையுங்கள். 2031 மே 21 அன்று தென்னிந்தியாவையும் நம் வடக்கையும் ஒரு கங்கண கிரகணம் கடக்கிறது. அதற்குப் போடுமுன் மறுபடியும் ரோர்ச் அடித்துப் பாருங்கள்.