‘டக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை: எப்போதாவது ஸ்டார்ட் ஆகாத காரை என்ன செய்வது?

எங்கள் காருக்கு ஒரு குணம் உண்டு. பத்து நாள் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். பதினோராவது நாள் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். போன சித்திரையில் அழகர்கோவில் அடிவாரத்தில், மாமியார் உட்பட ஐந்து பேரை வெயிலில் உட்காரவைத்துவிட்டு மக்கர் செய்தது. அரை மணி கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் எடுத்துக்கொண்டது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் பத்துத் தடவை அடித்தோம். பத்துத் தடவையும் எடுத்தது. “பேட்டரி வீக்கா இருக்கும்ண்ணே, மாத்திருங்க” என்றார்கள். மாற்றினேன். இரண்டே வாரத்தில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வாசலில் மறுபடியும் அதே டக்.

இந்த மாதிரிக் கோளாறு மெக்கானிக் முன்னால் வராது. வரும்போது பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். அதனால் அந்த நிமிஷத்தில் எதைக் கவனிப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1. முதலில் காது

ஸ்டார்ட் ஆகாவிட்டால் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, ஒரே ஒரு தடவை திருப்பிக் கேளுங்கள்.

‘டகடகடக’ என்று வேகமாகத் தட்டி, லைட்டும் மங்கினால், பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரியில் ஒயர் மாட்டும் முனை, அதாவது டெர்மினல், சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு ‘டக்’ என்றால், எஞ்சினைச் சுற்றிக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டார் மேலும் அதன் ஒயர்கள் மேலும் சந்தேகம். சத்தமே இல்லாமல் டேஷ்போர்டு விளக்குகள் மட்டும் பளிச்சென்று எரிந்தால் கிளட்ச் முழுக்க மிதித்திருக்கிறதா, ஆட்டோமேடிக் வண்டி என்றால் கியர் ‘பி’யில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை; கடைசியில் சொல்கிறேன்.

2. குறித்து வையுங்கள்

என்ன சத்தம், வண்டி சூடாக இருந்ததா ஆறியிருந்ததா, எத்தனை மணி நேரம் நின்றிருந்தது. போனில் நாலு வார்த்தை போதும். காலையில் மட்டும் மக்கர் என்றால் பெரும்பாலும் பேட்டரி. ஓட்டி வந்து நிறுத்தி, பத்து நிமிஷத்தில் மறுபடி எடுக்கும்போது மட்டும் என்றால் சூட்டில் படுத்துக்கொள்கிற ஏதோ ஒன்று. எனக்கு இரண்டு தடவையும் சூடான வண்டிதான். அது பேட்டரியாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

3. டெர்மினலைச் சுத்தம் செய்வது

பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். துளி ஆடினாலும் தப்பு. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், வண்டியை ஆஃப் செய்து, 10-ம் நம்பர் ஸ்பேனரால் முதலில் மைனஸைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். ஆப்பசோடா கலந்த வெந்நீரை ஊற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடையுங்கள். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். மேலே கொஞ்சம் வாசலின். பக்கத்தில் யாரும் பீடி சிகரெட் பிடிக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும்.

4. மீட்டர் வைத்துப் பார்ப்பது

சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆல்டர்னேட்டரை, அதாவது ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியை, பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலில் பேட்டரிக்கு ஆயுசு குறைவு என்பது உண்மைதான். ஆனால் மீட்டர் வைக்காமல் பேட்டரி மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். நான் சம்மதித்தேன்.

5. எர்த் ஒயர்

இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் தடித்த ஒயர் போகும். கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி அதுதான். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும், மறு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வையுங்கள். இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். உங்கள் கை, துண்டு, துப்பட்டா எதுவும் ஃபேன், பெல்ட் பக்கம் போகக் கூடாது. செல்ஃப் சுற்றும்போது அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும்.

எங்கள் வண்டியில், திருமங்கலம் போய்வந்த சூட்டோடு பார்த்தபோது 3 வோல்ட் காட்டியது. எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றினால் வாஷருக்கு அடியில் ஒரே துரு. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கியதும் 0.1. செலவு என்று பார்த்தால் உப்புத்தாள் மட்டும்தான்.

நடுவழியில் நின்றால்

அடுத்த வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் வாங்க ஜம்பர் கேபிள் போடும் வரிசை: சிவப்பு உங்கள் பிளஸ்ஸில், மறுமுனை அடுத்த வண்டி பிளஸ்ஸில், கறுப்பு அவர் மைனஸில், கடைசி முனை உங்கள் எஞ்சின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும்.

செல்ஃப் சுற்றியும் எடுக்காவிட்டால்

பெட்ரோல் வண்டி என்றால் சாவியை ஆன் மட்டும் செய்து காது கொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பின் சீட் பக்கம் ஓரிரு விநாடி ‘ம்ம்ம்’ என்று பெட்ரோல் பம்ப் முனகும். முனகல் இல்லையென்றால் பம்ப், அதற்குக் கரண்ட் விடும் ஸ்விட்சான ரிலே, ஃபியூஸ் இவற்றில்தான் கோளாறு. முனகியும் சூட்டில் மட்டும் எடுக்கவில்லை என்றால் எஞ்சின் சுற்றுவதைக் கவனித்துச் சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்கினால் இம்மொபிலைசர், அதாவது சாவியை அடையாளம் தெரியாவிட்டால் வண்டியை எடுக்கவிடாத திருட்டுத் தடுப்பு. மாற்றுச் சாவியால் முயன்று பாருங்கள். இதற்கு மேல் வீட்டில் கை வைக்க வேண்டாம். வண்டியின் கம்ப்யூட்டரில் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், போனில் குறித்ததை அப்படியே படித்துக் காட்டுங்கள்.