பேரிங் மாத்தி ஆறு மாசத்துல திரும்ப சத்தமா? மொதல்ல மண்ணப் பாருங்க

கடலூர் முதுநகர் பக்கம் மோட்டார் வேலை பாக்குறேன். மாத்தின பேரிங் சீக்கிரமே சத்தம் போட்டா எல்லாரும் சொல்றது "பேரிங் டூப்ளிகேட்டுண்ணே". இருக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி பழசப் பிரிச்சுப் பாருங்க. உருண்டைக் குண்டுகளப் (பால்) பிடிச்சு வச்சிருக்குற கூண்டு இருக்கே, கேஜ், அதோட ரிவெட்ட உடைச்சுட்டு பால் எல்லாத்தையும் ஒரே பக்கமா தள்ளினா உள் ரிங் தானா கழண்டு வரும், டீசல்ல கழுவித் தொடச்சுட்டு போன் டார்ச்ச சாய்ச்சு அடிங்க. பால் ஓடுற தடத்துல ஊசி குத்தின மாதிரி புள்ளி புள்ளியா பள்ளம் இருந்தா பெரும்பாலும் உள்ள தூசி போயிருக்குன்னு அர்த்தம்.

பாலுக்கும் அது ஓடுற தடத்துக்கும் (ரேஸ்) நடுவுல இருக்குற எண்ணெய்ப் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு, கூட வராது, நம்ம தலைமுடியே 70 மைக்ரான் வாக்குல இருக்கும், அப்ப கண்ணுக்குத் தெரியாத 10 மைக்ரான் மண்ணுக்கு அங்க எடம் ஏது, நசுங்கித்தான் ஆகணும். கடல் மணல் பேரிங் இரும்ப விட கெட்டி, அது தூளா ஒடஞ்சு நெறைய சின்னப் பள்ளம் போடும். பித்தளைத் துருவல் மாதிரி மெத்துனு இருக்குறது தட்டையாகி ஒரே அகலப் பள்ளமா போடும். ஆனா பள்ளத்த விட மோசம் அதோட விளிம்பு. ஒதுங்குன இரும்பு சுத்தி மேடா எழும்பி நிக்கும், 1440 ஆர்பிஎம் மோட்டார்ல அந்த மேட்டுல நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல பால் ஏறி எறங்கும், எண்ணெய்ப் படலம் அங்க அறுந்துரும், அழுத்தமெல்லாம் அங்கயே குவிஞ்சு விரிசல் விட்டு செதில் செதிலா பேந்துடும். பேந்த செதிலு உள்ளயே சுத்தி அடுத்த பள்ளத்தப் போடும்.

அதனாலதான் சத்தம் வந்தப்புறம் கிரீஸ் அடிச்சு பிரயோஜனம் இல்ல. மண்ணு வெளிய வந்தாலும், பள்ளம் அங்கயேதான இருக்கும்.

போன வருஷம் ஒரு ரைஸ்மில் மோட்டாருக்கு 6305 நம்பர் பேரிங் போட்டோம், கூட இருந்த தம்பி புது பேரிங்க கவர் பிரிச்சு தரையில வச்சுட்டு டீக்கு போயிட்டான். அங்க பறக்குறது பூரா உமித் தூசி, உமியில சிலிக்கா இருக்கு. வந்து கையில சுத்திப் பாத்தேன், நறநறன்னுச்சு. அத போடல, வேற வாங்கி போட்டேன்.

நீங்க பண்ண வேண்டியது: ஷாஃப்ட்டு, ஹவுசிங் ரெண்டையும் தொடச்சு முடிச்சு, போடப்போற நிமிஷத்துலதான் கவரப் பிரிங்க. புதுசு மேல இருக்குற எண்ணெயக் கழுவாதீங்க. நூல் பிரியாத துணியில தொடைங்க, காட்டன் வேஸ்ட் வேணாம். கம்ப்ரசர் காத்துல பேரிங்க சுத்த விடாதீங்க, அந்தக் காத்துலயே தண்ணியும் துருவும் வரும். தூசி எடத்துக்கு தகடு மூடி வச்ச ZZ-ய விட ரப்பர் சீல் இருக்குற 2RS வாங்குங்க, ZZ தகட்டுல சின்ன இடைவெளி உண்டு. கிரீஸ் ஏத்துற நிப்பிள் வச்ச பேரிங்னா கிரீஸ் கன் மாட்டுறதுக்கு முன்னாடி நிப்பிள் தலையத் தொடைங்க, இல்லேன்னா மேல ஒட்டுன மணல நீங்களே உள்ள தள்ளுறீங்க. கிரீஸ் டப்பாவ எடுத்த ஒடனே மூடுங்க, எங்க ஊரு தேவனாம்பட்டினம் கடற்கரை பக்கம் சாயங்காலக் காத்து அடிச்சா தெறந்து வச்ச டப்பா மேல மணல் படியறது கையில தொட்டாலே தெரியும்.